பெட்டியே பார்த்துக்கொள்ளுமாம்

டிசம்பரில் குன்னூரில் மாலை ஐந்தரைக்கே ஜன்னல் கண்ணாடி வெளுத்துவிடும். தேவாலயத்தில் கீத ஆராதனைக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கிட்டார் வாசிக்க வந்த பையன் கேத்திக்காரன், கல்லூரியில் இரண்டாம் வருடம். பையிலிருந்து டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெடலை எடுத்துத் தரையில் வைத்தான். நீல விளக்கு எரிந்தது. ஒரே ஒரு கார்டை மீட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். ஒலி போய்க்கொண்டே இருந்தது. மேலே ஏறி, பஞ்சு பஞ்சாகப் பிரிந்து, கால் நிமிடம் ஆகியும் அடங்கவில்லை. பாடகர் குழுவில் யாரோ கைதட்டினார்கள்.

முன் பெஞ்சில் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்.

"அடுத்த கார்டுக்குப் போகும்போது இது என்ன செய்யும் தம்பி?"

"அதெல்லாம் பெட்டியே பாத்துக்கும் அங்கிள்."

அதே தேவாலயத்தில் முப்பத்து நான்கு வருடம் கிட்டார் வாசித்துவிட்டு, அந்தக் கிறிஸ்துமஸோடு நிறுத்திக்கொள்ளப் போகிறவருக்குக் கிடைத்த வழியனுப்பு அது. ஆராதனை அன்று பெட்டி எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. சி கார்டின் வால் அடங்குவதற்குள் பாட்டு ஜி கார்டுக்குப் போனது. பழைய சி, புதிய பி-யின் மேல் ஏறி உட்கார்ந்தது. சோப்ரானோ பாடியவர்கள் எந்தச் சுருதியைப் பிடிப்பது என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பெரியவர் எழுந்து போய்க் குனிந்து ஒரு குமிழைப் பாதிக்குத் திருகிவிட்டு வந்தார். யாரும் கவனிக்கவில்லை. அந்த ஆதங்கம் அவருக்கு இன்னும் போகவில்லை.

பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவரைக் குன்னூர்க்காரர் என்றே சொல்லலாம். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மகன் பகலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா. சனி, ஞாயிறுகளில் மேட்டுப்பாளையம் முதல் கூடலூர் வரை கல்யாணம், கன்வென்ஷன், லைட் மியூசிக். தொண்ணூறுகளின் நடுவில் வந்த ஸூம் 505-தான் அவருடைய முதல் 'ப்ராசஸர்'. தமிழ்நாட்டு மேடைகளில் மல்ட்டி-எஃபெக்ட்ஸ் என்று யாரும் சொல்வதில்லை, ப்ராசஸர்தான்.

அவரிடம் பேசுவதில் ஒரு சிக்கல் உண்டு. எதிரில் இருப்பவருக்கு எல்லாம் தெரியும் என்றே நினைத்துக்கொண்டு பேசுவார். "ப்ரீ-டிலே எண்பது வை, லோ கட் இருநூறு, மிக்ஸ் முப்பதத் தாண்டாதே" என்று சொல்லிவிட்டு, நமக்குப் புரிந்ததாக எண்ணி அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். ப்ரீ-டிலே என்றால் என்ன என்று கேட்டால் ஒரு முறைப்பு. பிறகு பதில் சொல்லாமல் லாம்ப்ஸ் ராக் காட்சிமுனைப் பக்கம் கூட்டிப் போகிறார். பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு தட்டுத் தட்டுகிறார். கேட்டது கை ஒலி. திரும்பி வந்தது எதிர்ப் பாறை. இரண்டுக்கும் நடுவே இருந்த அமைதிதான் ப்ரீ-டிலே.

கணக்கும் கையிலேயே இருக்கிறது. பத்து டிகிரிக் குளிரில் ஒலி விநாடிக்குச் சுமார் 337 மீட்டர் போகும். எதிர்ப் பாறை 168 மீட்டரில் இருந்தால் போய்வர ஒரு விநாடி. பெடலில் எண்பது மில்லி விநாடி என்று வைத்தால், பதின்மூன்றரை மீட்டர் தள்ளி ஒரு சுவர் எழுப்பியதாக அர்த்தம். நீலகிரியில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை என்பது அவருடைய வாதம். ஹில்குரோவ் பக்கம் மலை ரயில் விசில் அடித்தால் அந்த ஒரு விசில் எத்தனை மடிப்பில் மோதித் திரும்பி வருகிறது என்று சின்ன வயதில் எண்ணியவர்கள் இங்கே நிறையப் பேர். 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் வந்த பாதை. 46 கிலோமீட்டரில் 208 வளைவு, 16 குகை. உலகத்துக்கு அந்த ரயில் 'தில் சே' (தமிழில் 'உயிரே') படத்தில் கூரை மேல் ஆடிய பாட்டால் தெரியும். குன்னூர்க்காரருக்கு அது குகைக்குள் நுழையும்போது சட்டென்று நெருங்கி வெளியே வந்ததும் அகன்றுவிடும் ஓர் ஓசை.

இந்தப் பாறையையும் குகையையும் பெட்டிக்குள் அடைக்க மனிதர்கள் பட்ட பாடு பெரிது. 1957-ல் ஜெர்மனியில் வந்த இஎம்டி 140 என்ற எதிரொலிக் கருவி, சட்டத்தில் தொங்கவிட்ட ஓர் எஃகுத் தகடுதான். எடை ஏறக்குறைய 270 கிலோ. 1974-ல் ரோலண்ட் ஸ்பேஸ் எக்கோ டேப்பைச் சுற்றவிட்டு எதிரொலி எடுத்தது. 1978-ல் வந்த லெக்ஸிகன் 224, எண்களாலேயே ஒரு மண்டபத்தைக் கட்டிக் காட்டியது. 'பிளேடு ரன்னர்' படத்தில் வாங்கெலிஸின் சின்தசைசர்கள் நனைந்து கிடப்பது அந்தப் பெட்டியில்தான். காலால் மிதிக்கும் அளவில் முதல் டிஜிட்டல் டிலே பாஸ் டிடி-2. அது வந்தது 1983-ல், அதிகபட்சம் 800 மில்லி விநாடி. இன்று மூன்று விரல் அகலப் பெடலில் இவை அத்தனையும் சேர்ந்து கிடக்கின்றன. அதனால்தான் தேர்ந்தெடுப்பது கடினமாகிவிட்டது.

கடைக்குப் போகிறவன் எல்லாக் குமிழையும் முழுக்கத் திருகி, கண்ணை மூடி ஒரு கார்டு வாசித்து, "சூப்பர்" என்று வாங்கி வந்துவிடுகிறான். குன்னூர்க்காரர் பார்ப்பது தலைகீழ். முதலில் ரிவெர்பை, அதாவது அந்த நீளும் எதிரொலி வாலை, குறைந்தபட்சத்தில் வைத்து வாசிப்பார். அப்போது கிட்டார் கிட்டாராக இருக்கிறதா? பல மலிவுப் பெடல்கள் நேர் ஒலியையே டிஜிட்டலாக மாற்றித் திருப்பித் தருகின்றன. விரல் நுனியின் கூர்மை அதில் கொஞ்சம் தேய்கிறது. நேர் ஒலியைத் தொடாமல் அப்படியே கடத்திவிடும் பெடல்கள் உண்டு, முடிந்தால் அது. அடுத்து ஒரே ஒரு ஸ்வரத்தை மெல்லத் தொட்டுவிட்டு வால் எங்கே முடிகிறது என்று காது கொடுத்துக் கேட்பார். ரிவெர்பின் தரம் தெரியும் இடம் தொடக்கம் அல்ல, கடைசி இரண்டு விநாடி. மோசமான பெட்டியில் வால் தேயும்போது ஓட்டைத் தகரத்தைத் தட்டினாற்போல் ஒரு 'ணிங்' தனியாகத் துருத்தும். நல்லதில் புகை கலைவதுபோல் போய்விடும். கடைசியாக, வால் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்சை (சேமித்து வைத்த அமைப்பை) மாற்றுவார். பழைய வால் தொடர்கிறதா, கத்தியால் வெட்டினாற்போல் நிற்கிறதா? ஜெபத்துக்கு நடுவே அப்படி நின்றால் சபையே கண்ணைத் திறந்து பார்க்கும்.

இன்னொரு சோதனையும் அவரிடம் உண்டு. எந்தக் கடைக்காரரும் இதைச் செய்து பார்த்திருக்க மாட்டார்.

வாலையே இசையாக நீட்டும் ஆம்பியன்ட் பெடல்களில் 'ஷிம்மர்' என்று ஒன்று இருக்கும். வாலை எடுத்து ஸ்தாயி உயர்த்தி மறுபடி அதே ரிவெர்புக்குள் ஊற்றுவது. இசைத் தயாரிப்பாளர்கள் பிரையன் ஈனோவும் டேனியல் லானுவாவும் எண்பதுகளில் ஸ்டுடியோவில் கருவிகளைக் கோத்துக் கண்ட வித்தை. ஒரு ஸ்தாயி உயர்த்தினால் வம்பில்லை. சட்ஜமம் மேல் சட்ஜமமாகும், எந்த ராகத்திலும் அது வீட்டு ஆள். ஆனால் பல பெடல்கள் கூடவே பஞ்சமத் தூரத்தையும் சேர்க்கின்றன, ஆகாயம் மாதிரி இருக்கும் என்று. இப்போது மோகனம் வாசித்துப் பாருங்கள். சட்ஜமத்துக்குப் பஞ்சமம், ரிஷபத்துக்குத் தைவதம், பஞ்சமத்துக்கு ரிஷபம், தைவதத்துக்குக் காந்தாரம் என்று எல்லாம் ராகத்துக்குள்ளேயே விழும். காந்தாரத்தைத் தொட்டீர்களோ, அழைக்காத நிஷாதம் வந்து நிற்கும். சங்கராபரணத்தில் நிஷாதத்தைத் தொட்டால் பிரதி மத்தியமம் எட்டிப் பார்க்கும். கல்யாணியில் மத்தியமத்தைத் தொட்டால் சுத்த ரிஷபம். ராகத்தை அடிப்படையாக வைத்த கீர்த்தனைகள் பாடும் சபைகளில் இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை, பாடுகிறவர்களுக்குச் சுருதியே தப்பும். ஆகவே, ஸ்தாயியைத் தனியாகவும் பஞ்சமத்தைத் தனியாகவும் நிறுத்த வழியில்லாத ஷிம்மர் அவர் கணக்கில் சேர்வதே இல்லை.

இதெல்லாம் கிட்டாருக்கு. ஒரே பெட்டியில் கிட்டாரையும் சின்தசைசரையும் போட நினைத்தபோதுதான் அவர் வாழ்க்கையில் ஐந்தாறு வருடம் போனது.

காரணம் சிக்கனம்தான். குழுவில் கீபோர்டு வாசித்தவர் வைத்திருந்தது பழைய ரோலண்ட். அதிலிருந்த ரிவெர்ப் வறட்சியானது. கிட்டார்க்காரரிடம் நல்ல பெடல் இருந்தது. இரண்டையும் ஒன்றில் சேர்த்தால் என்ன? கோத்தகிரியில் ஒரு கல்யாண ரிசப்ஷன். இரண்டு கேபிளை ஒன்றாகச் சேர்க்கும் ஒய் ஜாக் ஒன்றை வாங்கி, கிட்டாரையும் கீபோர்டையும் அதில் செருகி, பெடலுக்குள் விட்டார். கீபோர்டு பிரமாதமாகக் கேட்டது. கிட்டார் செத்துக் கிடந்தது. மூன்று பாட்டு முடியும்வரை அவர் தந்தியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். கேபிள் போய்விட்டது என்று கேபிளை மாற்றினார், பிக்அப் போய்விட்டது என்று கிட்டாரையே மாற்றினார்.

மைக்செட் பாய்தான் மேடைக்குப் பின்னாலிருந்து வந்து ஒய் ஜாக்கைப் பிடுங்கி எறிந்தார். குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அந்நாளில் குழாய் ஸ்பீக்கர் கட்டாத கல்யாணமில்லை. கட்டியது பெரும்பாலும் அவர்தான். பள்ளிக்கூடத்தில் எட்டாவதைத் தாண்டாதவர். ஆனால் எந்த ஜாக்கிலிருந்து எவ்வளவு வரும், எதற்குள் எவ்வளவு போகலாம் என்பதில் குன்னூர்க்காரருக்கு அவர்தான் ஆசிரியர். அவர் சொன்ன பாடம் ஒரே வரி: "கொடத்துக்குத் தக்கன கொழா தெற தம்பி."

குடம் எது, குழாய் எது என்று விளங்க நாளாயிற்று. கிட்டார் பிக்அப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய கம்பிச்சுருள். மெதுவாக மீட்டினால் அதிலிருந்து ஒரு வோல்ட்டின் பத்தில் ஒரு பங்கு வரும். பலமாக அடித்தால் உச்சத்தில் ஒரு வோல்ட்டை எட்டலாம். அதுவும் பலவீனமான ஊற்று. எதிரே பத்து லட்சம் ஓம் தடையுள்ள வாசல் இருந்தால்தான் அது தன் முகம் மாறாமல் உள்ளே போகும். கீபோர்டின் லைன் அவுட் அப்படியில்லை, தாராளமான ஊற்று. ஸ்டுடியோ அளவு என்று சொல்லும் பிளஸ் 4 என்பதே 1.23 வோல்ட், உச்சங்கள் அதற்கும் மேலே போகும். இரண்டையும் வெறும் கம்பியால் இணைத்தால் கிட்டாரின் மின்சாரம் பெடலுக்குள் போகாது. சில நூறு ஓம் தடையே உள்ள கீபோர்டின் அவுட்புட்டுக்குள் வடிந்துவிடும். ரிசப்ஷனில் நடந்தது அதுதான்.

சரி, ஒய் ஜாக் வேண்டாம், மாற்றி மாற்றிச் செருகுவோம் என்றார் குன்னூர்க்காரர். இப்போது வேறு தொல்லை. கிட்டாருக்காகச் செய்த வாசலில் கீபோர்டு முழு வேகத்தில் பாய்ந்தால் டிஜிட்டல் பெட்டி திக்குமுக்காடும். கிட்டார் ஆம்ப் திணறினால் அதில் ஓர் அழகு உண்டு. டிஜிட்டல் வாசல் திணறினால் வருவது வெறும் கரகரப்பு. நேர் ஒலியில் அரை விநாடி கேட்கும் கரகரப்பை ரிவெர்ப் பத்து விநாடிக்கு நீட்டி, அலை ஓசை மாதிரி ஆக்கிவிடும். கேட்பவர் அதையும் எஃபெக்ட் என்றே நினைப்பார். இன்று ஆம்பியன்ட் என்று சுற்றுகிற பல பதிவுகளில் தான் கேட்பது இந்தக் கரகரப்புதான் என்று குன்னூர்க்காரர் சத்தியம் செய்கிறார். கொஞ்சம் மிகைதான், ஆனால் ஹெட்போனில் போட்டுக் காட்டிய இரண்டு பதிவுகளில் நமக்கும் அது கேட்டது.

கீபோர்டின் வால்யூமைக் கால்வாசிக்கு இறக்கலாமே என்றால், இறக்கலாம். ஆனால் பெடலுக்குப் பிறகு மிக்ஸரில் ஏற்ற வேண்டிவரும். கூடவே 'உஸ்ஸ்' என்ற இரைச்சலும் ஏறும், அந்த இரைச்சலுக்கும் ஒரு நீண்ட வால் முளைக்கும்.

ஆகவே இரண்டும் வாசிக்கிறவன் பெடல் வாங்கும்போது முதலில் அதன் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். இன்ஸ்ட்ருமென்ட், லைன் என்று மாற்ற ஸ்விட்ச் உண்டா? ஸ்ட்ரைமனின் நைட்ஸ்கையில் உண்டு. ஹாலோகிராமின் மைக்ரோகாஸத்தில் அமைப்புகளுக்குள் போய் மாற்றலாம். இன்புட் இரண்டா, ஒன்றா? சின்தசைசரின் அகலமே அதன் இடது வலதில்தான் இருக்கிறது; ஒற்றை இன்புட்டில் அது பாதியாகிவிடும். ஆனால் இதில் அவரே ஒரு திருப்பமும் வைக்கிறார். நம் மண்டபங்களில் ஸ்பீக்கர் இரண்டு பக்கம் நின்றாலும் உள்ளே ஓடுவது பெரும்பாலும் மோனோ. ஸ்டீரியோவில் விரிந்து கிடக்கும் சில கோரஸும் ரிவெர்பும் மோனோவில் ஒன்றையொன்று தின்றுவிட்டு மெலிந்து போகும். வீட்டில் ஹெட்போனில் சொர்க்கமாகக் கேட்டது மேடையில் காணாமல் போவது இதனால்தான். இடதையும் வலதையும் மிக்ஸரில் நடுவுக்குக் கொண்டுவந்து கேட்காமல் எந்தப் பெடலையும் வாங்காதே என்பது அவர் கட்டளை.

கடைசியில் அவர் போய்ச் சேர்ந்த வழி வேறு. கிட்டார், அதன் பலவீனமான ஊற்றை மிக்ஸருக்குத் தக்கபடி மாற்றும் டிஐ பாக்ஸ் வழியாக மிக்ஸருக்கு. கீபோர்டும் நேராக மிக்ஸருக்கு. பெடல் மட்டும், ஒவ்வொரு சானலிலிருந்தும் ஒரு பங்கை வெளியே அனுப்பும் மிக்ஸரின் ஆக்ஸ் சென்டில் தனியாகத் தொங்கும். அதன் அவுட்புட் வேறு இரண்டு சானலில் திரும்பி வரும். எதற்கு எவ்வளவு ரிவெர்ப் என்பதை ஆக்ஸ் குமிழில் தீர்மானிக்கலாம். பெடலுக்குப் போகிற அளவு மொத்தமும் ஒரே கையில். இதற்குப் பெடலில் இருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: நேர் ஒலியை முழுக்க நிறுத்தி வால் மட்டும் அனுப்பும் வசதி, கில் ட்ரை. அதை மறந்தால் நேர் ஒலியே சில மில்லி விநாடி பிந்தி இரண்டாம் முறை வந்து சேரும், எல்லாம் பிவிசி குழாய்க்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கும்.

இதிலும் அவர் ஒருமுறை அடிபட்டார். வால் திரும்பி வரும் சானலில் இருக்கும் ஆக்ஸ் குமிழையே, தெரியாமல், கொஞ்சம் திறந்துவிட்டார். பெட்டியிலிருந்து வந்தது பெட்டிக்கே போயிற்று. மெல்ல ஒரு முனகல். அது ஊளையாக ஏற இருபது விநாடி ஆயிற்று. அன்று மேடையில் பேசிக்கொண்டிருந்தது ஒரு பிஷப்.

இத்தனையும், 2013-ல் வந்தபோதே 479 டாலர் விலையிருந்த ஸ்ட்ரைமன் பிக்ஸ்கை வைத்திருக்கிறவனுக்கும் பொருந்தும், அதே வருடம் வந்த சின்ன ஸூம் எம்எஸ்-70சிடிஆர் வைத்திருக்கிறவனுக்கும் பொருந்தும். முன்னதில் பன்னிரண்டு வகை ரிவெர்ப். பின்னது கோரஸ், டிலே, ரிவெர்ப் என்று ஆறு எஃபெக்ட் வரை அடுக்கக் கூடியது, ஸ்டீரியோ, இரண்டு பென்சில் பேட்டரியிலும் ஓடும். கனமான ரிவெர்பைப் போட்டால் ஆறு கொள்ளாது, மூளை நிரம்பிவிட்டது என்று சொல்லிவிடும். குன்னூர்க்காரரிடம் இருப்பது இந்தச் சின்னதுதான். பெரியதைக் கடன் வாங்கி ஒரு மாதம் வாசித்திருக்கிறார். வால் நிச்சயமாக அழகு என்கிறார். ஆனால் அந்த அழகில் வீட்டில் கேட்டது பாதி, மண்டபத்தில் கேட்டது கால்.

மண்டபம் என்ற பேச்சு வந்ததும் அவர் சேபின் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். 1895-ல் ஹார்வர்டில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் யார் பேசுவதும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்து விநாடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. வாலஸ் சேபின் என்ற இளம் பேராசிரியர், பக்கத்து நாடக அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கி வந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எத்தனை விநாடி குறைகிறது என்று அளந்தார். மண்டப ஒலியியல் அங்கிருந்து பிறந்தது. குன்னூரில் மெத்தை வேண்டாம், ஸ்வெட்டர் போதும். காலி தேவாலயத்தில் ஒத்திகை பார்த்து வைத்த ரிவெர்ப், ஆராதனை அன்று முந்நூறு பேர் கம்பளியும் சால்வையுமாக வந்து உட்கார்ந்ததும் வறண்டுவிடும். கேத்திப் பையன் குமிழை முழுக்கத் திருகியதற்கும் யாரோ அரைகுறையாகச் சொன்ன இந்த விஷயம்தான் காரணம். திருக வேண்டியது நீளத்தை அல்ல, மிக்ஸை, அதாவது நேர் ஒலியோடு வால் கலக்கும் அளவை. நீளம் கூடினால் கார்டு மாறும்போது வழியும்.

கரண்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டிஜிட்டல் பெடல்கள் பசியுள்ளவை. முந்நூறு, ஐந்நூறு மில்லி ஆம்பியர் கேட்கும். ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலி போட்டு நாலு பெடலுக்குக் கொடுத்தால் ஒன்றின் கீச்சொலி இன்னொன்றில் கேட்கும். தனித்தனியாகப் பிரித்த பவர் சப்ளை வேண்டும். ஜெனரேட்டரில் ஓடும் கன்வென்ஷனில் எர்த் சரியில்லை என்றால் ஐம்பது ஹெர்ட்ஸ் 'ம்ம்ம்' வரும், ரிவெர்ப் அதைத் தம்புரா ஆக்கிவிடும். இன்னும் மலைக்கே உரிய எதிரி ஈரம். ஜூனில் மழை பிடித்தால் குமிழ்களுக்குள் பூஞ்சை, திருகினால் சரசரக்கும். அவர் தன் பெடல்களை வைத்திருப்பது உள்ளே அலுமினியத் தாள் ஒட்டிய பழைய பிளைவுட் தேயிலைப் பெட்டியில். அப்பா தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்தது. தூளையே நமத்துப் போகாமல் கல்கத்தா வரை கொண்டுபோன பெட்டி, ஒரு ஸூமைக் காப்பாற்றாதா என்று கேட்கிறார். திறந்தால் இப்போதும் தேயிலை வாசம்.

அவருக்கு உண்மையாகவே கோபம் வருவது வேறொரு இடத்தில். நீலகிரியில் கோத்தர்களின் ஏழு ஊர்கள் உண்டு. கொள் என்ற குழலும் பறைகளும் அவர்கள் வாத்தியம். ஒரு காலத்தில் தோடருக்கும் படகருக்கும் அவர்கள்தான் வாசித்தார்கள். அந்தக் குழலில் மூச்சு விடாமல் காற்று சுழன்றுகொண்டே இருக்கும். சாமிக்கு, ஆட்டத்துக்கு, சாவுக்கு என்று மெட்டுகள் தனித்தனி. ஒன்றை இன்னொன்றின் இடத்தில் வாசிப்பதில்லை. ரிச்சர்ட் வுல்ஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் கோத்தர்களோடு வாழ்ந்து 2005-ல் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். சென்ற வருடம் ஏதோ ஒரு விடுதியின் விளம்பர வீடியோவில், கொள் ஒலித் துண்டு ஒன்றை எடுத்து, சுருள் சுருளாக ஷிம்மர் போட்டு, மூடுபனிக் காட்சிக்குப் பின்னால் ஓடவிட்டிருந்தார்கள். எந்த மெட்டு என்று அதைச் செய்தவனுக்குத் தெரியாது. குன்னூர்க்காரருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரிந்த ஒரு பெரியவரிடம் போட்டுக் காட்டினார். அவர் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

இங்கிருந்து பேச்சு புலம்பலாக மாறுவதைத் தடுக்க முடியவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒலி என்பதே போன வருடம் போனில் வந்தது என்ற நினைப்பு என்கிறார். 1969-லேயே அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் டியூடர் மூக் சின்தசைசரை நிறுவினார். நம் ஆட்கள் அதில் செய்த பதிவுகள் டேப்பிலேயே கிடந்து 2023-ல்தான் தட்டாக வெளிவந்தன. 1982-ல் சரண்ஜித் சிங் பம்பாயில் மூன்று ரோலண்ட் பெட்டிகளை வைத்துக்கொண்டு பத்து ராகம் வாசித்து ஓர் இசைத்தட்டு போட்டார்; அப்போது யாரும் சீந்தவில்லை. அதே 1982-ல் வந்த 'இளைய நிலா' பாட்டின் கிட்டாரை விரலில் பிடிக்க, ஒரு பெடலும் இல்லாமல், தனக்கு இரண்டு மழைக்காலம் ஆனதாம். இப்போது யாருக்கு அந்தப் பொறுமை? என்ன கேட்டாலும் எந்த மாடல் என்றுதான் கேட்கிறார்கள்.

இதில் நியாயம் பாதிதான். கேத்திப் பையனும் ஒரு நாள் முழுக்கக் குமிழோடு மல்லுக்கட்டியவன்தான். அவனுக்குச் சொல்லித்தர ஒரு மைக்செட் பாய் இல்லை. முப்பத்து நான்கு வருடத்தில் குன்னூர்க்காரர் எத்தனை பேருக்குச் சொல்லித் தந்தார் என்று கேட்டதற்கு அவர் மப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

ஜனவரியில் பையன் அவர் வீட்டுக்கு வந்தான். அம்மா கொடுத்தனுப்பிய வர்க்கி ஒரு பொட்டலம். சின்தசைசரும் வாசிக்க ஆரம்பித்திருக்கிறானாம், அந்த டிபன் பாக்ஸ் பெடலை விற்றுவிட்டு இன்னும் பெரியதாக எது வாங்கலாம் என்று கேட்டான். பெரியவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். இரண்டு இன்புட், லைன் ஸ்விட்ச், கில் ட்ரை எல்லாம் இருந்தது. அவன் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்ததே இல்லை.

அவர் தீர்ப்பு இதுதான்: அந்தப் பெடலை விற்க வேண்டாம். பெரியது வாங்க வைத்திருக்கும் காசில் பிரித்த பவர் சப்ளை ஒன்றும் டிஐ பாக்ஸ் இரண்டும் வாங்கு. ஒன்று போதாதா என்றான். போதாது, ஒன்றை எப்படியும் யாராவது கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் திருப்பித் தர மாட்டார்கள்.